இரண்டு வருட வேளாண் வணிகப் படிப்பு: போவது எவ்வளவு, வருவது எவ்வளவு? குளுவாங் தோட்டத்துக் குடும்பங்கள் கேட்ட கேள்விகள்

நான் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்குக்கும் ரெங்கத்துக்கும் இடையில் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். அப்பா முதலில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டினார். பால்மரத்தை எடுத்துவிட்டு, பாமாயில் தரும் செம்பனை போட்ட பிறகு பழம் வெட்டினார். அம்மாவுக்குக் களைமருந்து அடிக்கும் வேலை. நான் வேளாண் வணிகத்தில் டிப்ளோமா முடித்து, பன்னிரண்டு வருடம் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகஸ்தராக இருந்தேன். இப்போது குளுவாங்கில் சிறுதோட்டக்காரர்களுக்கு உரமும் கன்றும் விற்கிறேன்.

வருடா வருடம் எஸ்.பி.எம்., அதாவது ஐந்தாம் படிவ அரசாங்கத் தேர்வு, முடிவு வந்ததும் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து பேசுவோம். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். சம்பள வித்தியாசம், தனியார் கல்லூரிக் கட்டணம், அறை வாடகை ஆகியவை உதாரணத்துக்கு நானே போட்ட எண்கள். உங்கள் வீட்டு எண்ணை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டு வருடம் என்கிறார்களே, இது பட்டமா, டிப்ளோமாவா?

நம் நாட்டில் இது டிப்ளோமா. இணையத்தில் "இரண்டு வருடப் பட்டம்" என்று படித்தால் அது பெரும்பாலும் அமெரிக்கச் செய்தி. அங்கே சமூகக் கல்லூரிகளில் இரண்டு வருடம் படித்து ஒரு பட்டம் வாங்கலாம், பிறகு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்தில் சேரவும் வழி உண்டு. இங்கே அந்த இடத்தில் இருப்பது டிப்ளோமா. குறைந்தது 90 கிரெடிட் (பாட அலகு) முடிக்க வேண்டும். எஸ்.பி.எம்.-இல் மூன்று பாடத்தில் கிரெடிட் என்ற நல்ல தேர்ச்சி இருந்தால் பொதுவாக விண்ணப்பிக்கலாம். ஆனால் கல்லூரிக்குக் கல்லூரி கணிதமோ அறிவியலோ கூடுதலாகக் கேட்பார்கள்.

விளம்பரத்தில் இரண்டு வருடம் என்று போட்டிருந்தாலும், தொழிற்பயிற்சி அதற்குள் அடங்குமா என்று கேளுங்கள். பல இடங்களில் அதைச் சேர்த்தால் இரண்டரை வருடம் ஆகிவிடும். அந்த ஆறு மாதம் எவ்வளவு பெறும் என்று அடுத்த பதிலில் தெரியும்.

அங்கிள், மொத்தம் எவ்வளவு செலவாகும்?

எல்லாரும் கட்டணத்தைத்தான் கேட்கிறார்கள். கட்டணம் செலவில் சின்னப் பங்கு. பெரிய பங்கு ரசீதில் வராது: படிக்கிற காலத்தில் கைக்கு வராமல் போகிற சம்பளம்.

குறைந்தபட்ச சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). ஐந்து பேருக்கும் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு அதே வருடம் ஆகஸ்ட் முதல். 24 மாதத்துக்கு 40,800 வெள்ளி. முதலாளி போடும் இ.பி.எஃப்., அதாவது தொழிலாளர் சேமநிதி, 13 விழுக்காடு, அதாவது மாதம் 221 வெள்ளி. அது 24 மாதத்தில் 5,304. இரண்டையும் கூட்டினால் 46,104 வெள்ளி. பிள்ளை கல்லூரி வாசலை மிதிப்பதற்கு முன்பே இவ்வளவு செலவு எழுதியாகிவிட்டது.

சாப்பாட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வீட்டில் இருந்தாலும் சாப்பிடத்தான் போகிறான். அறை, பஸ், புத்தகம் என்று கூடுதலாக ஆவதை மட்டும் எழுதுங்கள். மாதம் 300 என்று வைத்தால் 7,200.

இப்போது கட்டணம். தனியார் கல்லூரியில் மொத்தம் 20,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதை முழுக்க பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடனில் கட்டினால் வருடத்துக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம். பத்து வருடத்தில் அடைத்தால் 2,000 கூடும். மாதம் ஏறக்குறைய 183 வெள்ளி போய்க்கொண்டே இருக்கும். எல்லாம் சேர்த்தால் 46,104 + 7,200 + 22,000 = 75,304 வெள்ளி.

அரசாங்கப் பாலிடெக்னிக்கில் செமஸ்டருக்கு 200 வெள்ளிதான். ஐந்து செமஸ்டருக்கு 1,000. ஆனால் 30 மாதம் ஆகும் என்று வையுங்கள். கைக்கு வராத சம்பளமும் இ.பி.எஃப்.-உம் 57,630. அறையும் பஸ்ஸும் 9,000. மொத்தம் 67,630.

கட்டணத்தில் 21,000 மிச்சம், மொத்தத்தில் 7,674 மட்டுமே மிச்சம். இதைப் பலகையில் எழுதிக் காட்டும்போது மண்டபம் கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். இருந்தாலும் நான் பாலிடெக்னிக் பக்கமே நிற்கிறேன். வராமல் போன சம்பளத்துக்காக யாரும் வீட்டுக்குக் கடிதம் அனுப்ப மாட்டார்கள், கடனுக்கு அனுப்புவார்கள். வேலை கிடைக்காத முதல் ஆறு மாதத்தில் தலைமேல் கடன் இருக்கிறதா இல்லையா என்பது ஒரு பிள்ளையின் தூக்கத்தையே மாற்றிவிடும்.

அந்தப் பணம் எத்தனை வருடத்தில் திரும்ப வரும்?

டிப்ளோமாவோடு வாங்கும் சம்பளத்துக்கும், இல்லாமல் வாங்கியிருக்கும் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் மொத்தச் செலவை வகுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வித்தியாசம் மாதம் 600 வெள்ளி என்றால் தனியார் கல்லூரிக் கணக்கு திரும்பப் பத்தரை வருடம் ஆகும். பாலிடெக்னிக் கணக்கு ஒன்பது வருடம் ஐந்து மாதம். வித்தியாசம் 1,000 என்றால் ஆறே கால் வருடம், ஐந்து வருடம் எட்டு மாதம்.

பத்தரை வருடம் என்று கேட்டதும் முகம் வாடும். ஆனால் 20 வயதில் முடித்தவனுக்கு அப்போது வயது 31 கூட ஆகியிருக்காது. அதற்குப் பிறகு ஏறக்குறைய முப்பது வருட உழைப்பு இருக்கிறது. வித்தியாசமும் 600-லேயே நிற்காது, வேலையில் நிலைத்தால் ஏறும். நிலைக்காமல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை துறை மாறினால் ஏறாது. சம்பந்தமில்லாத கடையில் விற்பனை வேலைக்குப் போய்விட்டால் வித்தியாசம் பூஜ்ஜியம், கணக்கு திரும்பவே திரும்பாது.

எல்லாவற்றையும் விட மோசமான கணக்கு பாதியில் விடுவது. ஒரு வருடச் சம்பளமும் போச்சு, கடனும் நின்றது, சான்றிதழும் இல்லை. ஆர்வமில்லாத பிள்ளையை அனுப்பாதீர்கள் என்று நான் மன்றாடிச் சொல்வது இதனால்தான்.

என் மகன் பழம் வெட்டி நல்ல மாதத்தில் டிப்ளோமா படித்தவனைவிட அதிகம் எடுக்கிறான். அவன் எதற்குப் படிக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை ஒரு அம்மா கேட்டார். கோபமாகக் கேட்டார். அவர் சொன்னது பொய் இல்லை. டன் கணக்கில் கூலி வாங்குகிற நல்ல வெட்டுக்காரர், பழம் நிறைய வரும் செப்டம்பர், அக்டோபரில், புதிதாக வேலைக்கு வந்த உத்தியோகஸ்தரைவிடக் கூடுதலான சம்பளச் சீட்டு வாங்குவார். நான் வேலையில் சேர்ந்த முதல் வருடம், என் கீழே பிரட்டில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) நின்ற மூன்று பேர் என்னைவிட அதிகம் வாங்கினார்கள். பிப்ரவரியில் பழம் குறையும்போது நிலைமை மாறும். ஆனாலும் வருடக் கணக்கில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

மாறுவது நாற்பதுக்குப் பிறகு. செம்பனை மரம் இருபது வருடத்தில் வளர்ந்து நிற்கும்போது, நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி அண்ணாந்து பார்த்தபடி குலையை இழுக்க வேண்டும். ஒரு குலை இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். அதைத் தூக்கித் தள்ளுவண்டியில் போட வேண்டும். என் அப்பாவின் வலது தோள் நாற்பத்தெட்டு வயதில் உயராமல் போனது. சட்டை போட அம்மா உதவி செய்வார். டன் கூலிக்காரருக்குத் தோள் போனால் சம்பளமும் போனது. அதே வயதில் பிரட்டு எடுத்து, குலை எண்ணி, கணக்கு எழுதுகிற உத்தியோகஸ்தரின் சம்பளம் மேலே போய்க்கொண்டிருக்கும்.

அம்மாவின் கணக்கு இன்னொன்று. அவர் காலத்தில் பாராகுவாட் என்ற களைக்கொல்லியை முதுகில் சுமந்து அடித்தார்கள். நகம் கறுத்து உரிந்து போவதை நான் பார்த்து வளர்ந்தேன். அந்த மருந்துக்கு நம் நாட்டில் தடை வந்தது 2020 ஜனவரி 1-இல்தான். அம்மா வேலையை விட்டுப் பல வருடம் கழித்து.

ஆகவே அந்த அம்மாவிடம் நான் சொன்னது: இந்த மாதச் சீட்டை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள், ஐம்பது வயதுச் சீட்டையும் பக்கத்தில் வையுங்கள். மகனுக்கு வெட்டு வேலை பிடித்திருந்தால் அது கௌரவமான வேலை. இ.பி.எஃப்., சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், வீடு வாங்கச் சொல்லுங்கள். தோட்டத்து வீடு வேலை இருக்கும் வரைதான்.

அந்தப் படிப்பில் அப்படி என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்? விவசாயம் நமக்குத் தெரியாததா?

பயிர் நமக்குத் தெரியும், அந்தப் பயிரை விலையாக மாற்றும் கணக்குதான் தெரியாது. மூன்று தலைமுறையாக நாம் வெட்டிக் கொடுத்தோம், எடை போட்டு எழுதியவர் வேறு ஒருவர்.

மண், உரம், பூச்சி, தொழிலாளர் சட்டம், கணக்கியல், சந்தைப்படுத்தல், பண்ணைத் திட்டம் எல்லாம் உண்டு. அதில் எனக்குக் கண் திறந்த ஒரு பாடத்தை மட்டும் சொல்கிறேன். ஆலை நம் பழத்துக்குத் தரும் விலை, அதிலிருந்து எவ்வளவு எண்ணெய் வரும் என்பதை வைத்து. நாட்டுச் சராசரி ஏறக்குறைய 20 விழுக்காடு. அதாவது 100 கிலோ பழத்தில் 20 கிலோ எண்ணெய். கச்சாப் பாமாயில் டன் 4,000 வெள்ளி விற்கும்போது ஒவ்வொரு 1 விழுக்காட்டுக்கும் ஒரு டன் பழத்தில் 40 வெள்ளி. காயை வெட்டினாலும், உதிரிப் பழத்தைப் பொறுக்காமல் விட்டாலும், வெட்டிய குலையை இரண்டு நாள் ரோட்டோரம் போட்டுவைத்தாலும் அந்த விழுக்காடு இறங்கும், பழத்தின் தரமும் கெடும்.

ஐந்து ஏக்கர், அதாவது ஏறக்குறைய 2 ஹெக்டர் வைத்திருப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெக்டருக்கு வருடம் 16 டன் என்று நாட்டுச் சராசரியை ஒட்டிப் போட்டால் 32 டன். ஒரு விழுக்காடு வித்தியாசம் வருடத்துக்கு 1,280 வெள்ளி. என் கடைக்கு வரும் பெரியவர் ஒருவர் பதினைந்து வருடமாக ஒரே வியாபாரியிடம் பழம் போட்டார். ரசீதில் எத்தனை விழுக்காடு என்று கேட்டதே இல்லை. ஒருநாள் உட்கார்ந்து மூன்று மாத ரசீதைப் பார்த்தோம். அடுத்த மாதமே வியாபாரியை மாற்றினார். பழம் வாங்கும் வியாபாரிக்கு எம்.பி.ஓ.பி., அதாவது மலேசியப் பாமாயில் வாரியத்தின், உரிமம் வேண்டும், விற்பவருக்கும் வேண்டும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். நான் படித்ததன் பலனை ஒரே நாளில் கையில் பிடித்த மாதிரி இருந்தது.

பாமாயில் விலை விழுந்தால் இந்தப் படிப்பும் விழுந்துவிடுமா?

விலை ஆடும். 2019-இல் வருடச் சராசரி டன்னுக்கு 2,000 வெள்ளியைச் சற்றே தாண்டியது. 2022-இல் 5,000-ஐத் தாண்டியது. 2024-இல் 4,100-க்கு மேல். விலை ஏறிய அதே காலத்தில் உர விலையும் தலைக்கு மேல் போனது. இந்த ஆட்டத்தில் மாதச் சம்பளக்காரருக்கு அடி மெதுவாக வரும், போனஸில் தெரியும். சொந்தமாகச் செய்பவருக்கு அந்த மாதமே தெரியும். செம்பனையை மட்டும் நம்பிப் படிக்காமல், மிளகாய், அன்னாசி, மாடு, கோழி எதற்கும் பொருந்துகிற கணக்கைப் படிப்பதுதான் வேளாண் வணிகத்தின் பலம். நம் ஜொகூரில் சிம்பாங் ரெங்கம் பக்கம் அன்னாசி இருக்கிறது, தோட்டத்து லயத்தில் இன்னும் மாடு வளர்க்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

குளுவாங்கில் இருந்து எங்கே போய்ப் படிக்கலாம்?

முதலில் யு.பி.யு. என்ற அரசாங்கப் பொது விண்ணப்பம் மூலம் பாலிடெக்னிக்குக்கும் அரசாங்கப் பல்கலைக்கழக டிப்ளோமாவுக்கும் போடுங்கள். நீலாய் பாலிடெக்னிக்கில் வேளாண் தொழில்நுட்ப டிப்ளோமா இருக்கிறது. செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகம் 1931-இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கியது, விவசாயத்துக்கு நாட்டில் அதைவிடப் பழைய பெயர் இல்லை. பக்கத்திலேயே ஆயர் ஈத்தாமில் விவசாய இலாகாவின் பயிற்சிக் கழகம் உண்டு. மாடு, ஆடு பக்கம் மனம் போனால் குளுவாங்கிலேயே கால்நடைக் கழகம் இருக்கிறது. நம் பிள்ளைகள் பலருக்கு அது பத்துப் பாகாட் ரோட்டில் இருப்பதே தெரியாது.

மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தோட்ட நிர்வாக டிப்ளோமா பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) மாணவர்களுக்கு. அதைப் பார்த்து விண்ணப்பத்தில் ஒரு இடத்தை வீணாக்க வேண்டாம்.

தனியார் கல்லூரி ஆட்கள் வீட்டுக்கே வந்து பேசுகிறார்கள். சேரலாமா?

நல்ல தனியார் கல்லூரிகள் இருக்கின்றன. சேருவதற்கு முன் அந்தப் படிப்பின் பெயர், படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அரசாங்க அமைப்பான எம்.க்யூ.ஏ.-வின் தகுதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் நீங்களே தேடுங்கள். கல்லூரியின் பெயர் இருந்தால் போதாது, அந்தப் படிப்பின் பெயரே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பி.டி.பி.டி.என். கடன் கிடைக்காமல் போகலாம், அரசாங்க வேலைக்கும் ஆகாமல் போகலாம்.

என் தங்கச்சிக்கு நடந்தது இது. இரண்டு பேர் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வந்தார்கள், மடிக்கணினி இலவசம் என்றார்கள், "அங்கீகாரம் வந்துகொண்டிருக்கிறது" என்றார்கள். அப்பா பதிவுக் கட்டணம் கட்டினார். ஒரு செமஸ்டர் போனது, அங்கீகாரம் வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனால் ரசீதின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் திருப்பித் தரமாட்டோம் என்று இருந்தது. அப்பாவுக்கு அது மூன்று மாத மிச்சம். தங்கச்சி அடுத்த வருடம் பாலிடெக்னிக்கில் சேர்ந்து முடித்தாள், ஆனால் அந்த ஒரு வருடம் போனது போனதுதான். "வந்துகொண்டிருக்கிறது" என்ற வார்த்தையைக் கேட்டால் வாசலைக் காட்டுங்கள்.

இன்னொன்று கேளுங்கள்: போன வருடம் முடித்தவர்கள் மூன்று பேரின் தொலைபேசி எண் தருவீர்களா? கொடுத்தால் கூப்பிட்டு, எங்கே வேலை, என்ன சம்பளம் என்று விசாரியுங்கள். மேலே சொன்ன 600 அல்லது 1,000 என்ற இடத்தில் வைக்க வேண்டிய உண்மையான எண் அங்கேதான் கிடைக்கும்.

அப்பாவின் இ.பி.எஃப்.-ஐ எடுத்துக் கட்டலாமா?

சட்டப்படி முடியும். 2024 மே மாதத்திலிருந்து 55 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் மாதச் சந்தா மூன்று கணக்காகப் பிரிகிறது: 75 விழுக்காடு ஓய்வுக்கால கணக்கு, 15 விழுக்காடு செஜாதெரா, 10 விழுக்காடு ஃபிளெக்சிபல். பிள்ளைகளின் படிப்புக்குச் செஜாதெராவில் இருந்து எடுக்கலாம்.

என் கருத்து வேறு. தோட்டத்தில் வேலை முடிந்ததும் வீட்டைக் காலி செய்ய வேண்டிய அப்பாவுக்கு அந்தப் பணம்தான் கூரை. அதே கணக்கை வீடு வாங்கவும் பயன்படுத்தலாம். இருபது வயதுப் பிள்ளை 1 விழுக்காட்டில் கடன் வாங்கி நாற்பது வருடம் சம்பாதிக்கலாம். ஐம்பத்திரண்டு வயது அப்பாவால் அந்தப் பணத்தை மறுபடி சேர்க்க முடியாது. கடைசி வழியாக இருக்கட்டும்.

சிங்கப்பூர் போனால், அங்கே சம்பாதிக்கும் ஒரு வெள்ளி இங்கே மூன்று வெள்ளிக்கு மேல் ஆகிறதே?

ஆகிறது. குளுவாங் பையன்களிடம் இதை மறைத்துப் பேசிப் பயனில்லை. பணத்தை மட்டும் பார்த்தால் முதல் ஐந்து வருடத்துக்கு எந்த டிப்ளோமாவும் சிங்கப்பூரை ஜெயிக்காது. அங்கே அறை வாடகை, அல்லது ஜொகூர் பாருவில் தங்கி விடியற்காலை மோட்டாரில் பாலம் தாண்டும் வாழ்க்கை, இரண்டையும் கழித்தாலும் மிச்சம் வரும்.

நான் பார்த்ததில் தேறியவர்கள், போகும்போதே திரும்பும் தேதியை எழுதிவைத்துப் போனவர்கள். எங்கள் தோட்டத்துத் தம்பி ஒருவன் மூன்று வருடம் போய், சேர்த்ததை எடுத்துவந்து, கடன் இல்லாமல் டிப்ளோமா முடித்தான். இப்போது உர நிறுவனம் ஒன்றில் விற்பனை அதிகாரி. தேதி எழுதாமல் போனவர்கள் பலர் முப்பத்தைந்து வயதில் அதே வேலையில் இருக்கிறார்கள்.

அரசாங்க வேலை கிடைக்குமா?

உதவி விவசாய அதிகாரி பதவிக்கு டிப்ளோமா போதும். முன்பு 29 என்று சொன்ன தரம், 2024 டிசம்பரில் வந்த புதிய சம்பள முறையில் 5. எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் கட்டாயம், இதில் சறுக்கும் நம் பிள்ளைகள் அதிகம். போட்டி கடுமை. மார்டி (விவசாய ஆராய்ச்சிக் கழகம்), எம்.பி.ஓ.பி., ஃபாமா (விவசாயச் சந்தை வாரியம்), அன்னாசி வாரியம் போன்றவை தனியாகவும் ஆள் எடுக்கும், அவற்றின் பக்கங்களை மாதம் ஒருமுறை பாருங்கள். அதற்காக வேறு வேலைக்குப் போகாமல் காத்திருக்காதீர்கள்.

நிலமே இல்லாதவன் வேளாண் வணிகம் படித்து என்ன செய்வான்?

இந்தக் கேள்வி எனக்கு வலிக்கும். நூறு வருடமாக மண்ணைத் தொட்டு வேலை செய்தவர்களிடம் ஒரு காணி மண் இல்லை.

ஆனால் ஒரு முறை நம்மவர்கள் இதற்குப் பதில் கண்டுபிடித்தார்கள். ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். எங்கள் தாத்தாவும் ஒரு பங்கு வைத்திருந்தார், அந்தச் சீட்டு இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. தனியாளாக முடியாததைச் சேர்ந்து செய்தார்கள்.

இன்றைய நிலைமைக்கு வருவோம். அரசாங்க நிலத்துக்குத் தற்காலிக உரிமம் வாங்கிப் பயிர் செய்பவர்கள் உண்டு. அந்த உரிமம் அந்த வருடம் டிசம்பர் 31-உடன் முடிந்துவிடும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ஆகவே அதில் செம்பனை போடாதீர்கள். செம்பனை காய்க்கவே இரண்டரை வருடம், அதன் ஆயுள் இருபத்தைந்து வருடம். அங்கே மிளகாய், கீரை, வெண்டை போன்று சீக்கிரம் பணமாகும் பயிர்தான் சரி. பாலிபையில் சொட்டுநீரோடு உரம் விடும் மிளகாய்ப் பண்ணையைக் கால் ஏக்கர் வாடகை நிலத்திலும் தொடங்கலாம், இடம் மாறினால் பையையும் குழாயையும் எடுத்துக்கொண்டு போகலாம். மூலதனத்துக்கு, சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசாங்க அமைப்பான தெக்குனில் இந்தியச் சமூகத்துக்கான ஸ்பூமி கடன் இருக்கிறது, விவசாய வங்கியான அக்ரோபேங்க் இருக்கிறது. கேட்கும்போது செலவுக் கணக்கும் விற்பனைத் திட்டமும் எழுதிக் கொடுக்க வேண்டும். நம் ஆட்கள் பலருக்குக் கடன் கிடைக்காமல் போவது இந்தத் தாளில்தான். படிப்பில் அதை எழுதப் பழக்குகிறார்கள்.

நிலமே தேவைப்படாத வேலைகளும் உண்டு: நாற்று, உரம், மருந்து, பழப் போக்குவரத்து, சந்தை இடைத்தரகு, சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் விளைந்தது என்று காட்டும் நிலையான பாமாயில் சான்றிதழுக்கான பதிவேடு எழுதுவது. 2020 ஜனவரி முதல் அந்தச் சான்றிதழ் கட்டாயம். சிறுதோட்டக்காரர்கள் ஆவணம் எழுத ஆள் தேடுகிறார்கள்.

பெண்பிள்ளைக்கு ஏற்ற படிப்பா?

ஏற்ற படிப்பு. என் வகுப்பில் பாதிப் பேர் பெண்கள், கணக்கில் முன்னால் நின்றவர்களும் அவர்களே. தோட்ட அலுவலகம், ஆய்வுக்கூடம், ஃபாமா, வங்கியின் விவசாயக் கடன் பிரிவு என்று போயிருக்கிறார்கள். இருவர் வெளிக்கள உத்தியோகஸ்தர்களாகவும் இருக்கிறார்கள். தங்கும் இடத்தை மட்டும் சேருமுன் அம்மாவோடு நேரில் போய்ப் பாருங்கள்.

எனக்கு 27 வயது, மண்டோராக (கங்காணியாக) இருக்கிறேன். வேலையை விட்டுப் படிக்கலாமா, அண்ணே?

வேலையை விடாதீர்கள், தம்பி. நீங்கள் இழக்கப்போகிற சம்பளம் 1,700 அல்ல, அதைவிட அதிகம், குடும்பமும் இருக்கிறது. மேலே போட்ட கணக்கில் உங்கள் சம்பளத்தை வைத்தால் திரும்ப வரும் காலம் இன்னும் நீளும்.

உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. 1919-இல் தொடங்கிய தோட்ட நிர்வாகிகள் கழகம், ஐ.எஸ்.பி. என்று சொல்வார்கள், தோட்டத்தில் வேலை செய்துகொண்டே எழுதக்கூடிய தேர்வுகளை நடத்துகிறது. துரைமார், அதாவது தோட்ட நிர்வாகிகள், அந்தச் சான்றிதழை மதிப்பார்கள். பாடம் ஆங்கிலத்தில், அது சிரமம்தான். ஆனால் மண், உரம், வெட்டு பற்றி உங்களுக்கு ஏற்கெனவே கை அறியும். அந்தக் கை அறிந்ததற்கு ஆங்கிலப் பெயர் என்ன என்று படிக்க வேண்டியதுதான் மிச்சம். நிர்வாகியிடம் கேட்டு, கட்டணத்தில் தோட்டம் பங்கு தருமா என்று முதலில் விசாரியுங்கள். சில இடங்களில் தருவார்கள்.

பாடத்தில் தடுமாறினால் சனிக்கிழமை மாலை கடைக்கு வாருங்கள். நான்கு மணிக்கு மேல் கூட்டம் குறைந்துவிடும், உட்கார்ந்து பார்க்கலாம்.